டிரைவரைத் திட்டினவனை யார் இறக்குவது?

முதலில் ஒரு சத்தியம். கல்வராயன் மலை மேல், கோமுகித் தண்ணீர் மேல், என் கடையில் நிற்கிற பத்தடி பேனர் பிரிண்டர் மேல் அடித்துச் சொல்கிறேன்: இப்போது நான் சொல்லப்போகிற கதையை இந்தப் பூமியில் ஒரு ஜீவனும் நம்பாது. நீ ஒருத்தன்தான் நம்புவாய். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்பது இதில் ஒரு சின்ன இடைஞ்சல். அதை நாம் இரண்டு பேரும் பெரிதுபடுத்த வேண்டாம்.

உன் பெயரை எழுத மாட்டேன். அது ஊர் வாயில் பட்ட பாடு போதும்.

இன்று காலையில் கள்ளக்குறிச்சியில் மழை. சும்மா மழை இல்லை, பஸ் ஸ்டாண்டில் நின்ற பஸ்ஸெல்லாம் துடுப்பு கேட்ட மழை. வெள்ளிமலை பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு ஆள் நனைந்தபடி கடை வாசலில் வந்து நின்றார். "பழைய பேனர் ஏதாச்சும் இருக்குங்களா? களத்துல சாமை கெடக்குது, மூடணும்" என்றார். பின்கட்டில் மூட்டையாகக் கிடந்ததில் பெரிதாக ஒன்றை இழுத்து உதறினேன். மழைநீரும் அச்சு மையும் கலந்த அந்த மக்கின வாசனை குப்பென்று வந்தது. வாசனையோடு நீயும் வந்துவிட்டாய். அந்த ஆளுக்கு ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்து அனுப்பிவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நீ முதன்முதலில் வந்ததும் இதே கேள்வியோடுதான். கச்சிராயபாளையத்துக்கும் வெள்ளிமலைக்கும் ஜீப் ஓட்டுகிற ஆள், சொந்தமாகக் கொஞ்சம் சாமை விதைக்கிற ஆள், பழைய பேனர் கேட்டு வந்தாய். எங்கள் கீழ்நாட்டுப் பெருமையெல்லாம் கடைசியில் உங்கள் மலைக்குத்தானே வந்து சேர்கிறது! கல்யாண மாப்பிள்ளை, காது குத்தின குழந்தை, வருங்கால முதல்வர்கள் அத்தனை பேரும் அங்கே சாமை அம்பாரத்தின் மேல் மல்லாந்து படுத்து மழை வாங்கிக்கொண்டிருப்பார்கள். அன்று சுவரில் நம்ம நாயகனின் புதுப்பட பேனர் காய்ந்துகொண்டிருந்தது. நீ வந்த வேலையை மறந்து அதன் முன்னால் நின்றாய். "இது முதல் பாட்டுல வர்ற சட்டைதானுங்கண்ணா?" என்று கேட்டாய். அவ்வளவுதான். இரண்டு நாட்டு மன்னர்கள் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அன்று சாயங்காலமே நம் வாட்ஸப் குரூப் பிறந்தது.

குரூப்பின் ஸ்தாபகர், தலைவர், நிரந்தரப் பேருரையாளர் எல்லாம் நான். பையன்கள் என்னை மாமா என்பார்கள். நான் விடுகிற கதைக்காகவே குரூப்பில் சேர்ந்தவர்கள் உண்டு. உறுப்பினர் எண்ணிக்கை சீனாவை நெருங்குகிறது என்று நான் அளப்பேன். "ண்ணா, அதுல பாதி ஒரே ஆளு, ரெண்டு ரெண்டு நம்பர்ல வந்துக்கினு இருக்கான்" என்று நீ அடக்கிவிடுவாய். இன்னொரு அட்மின் நீ. உண்மையில் அட்மின் வேலை பார்த்தது நீ மட்டும்தான்.

உன் சட்டம் ஜீப் சட்டம். மலைப்பாதையில் ஜீப்பில் எவனாவது குடித்துவிட்டு வாய் கிழியப் பேசினால் ஒரு வளைவில் இறக்கிவிடுவாய். அடுத்த வளைவில் வண்டியை நிறுத்திக் காத்திருப்பாய். நடந்து வந்து சேர்வதற்குள் பாதி போதை இறங்கியிருக்கும், ஏற்றிக்கொள்வாய். குரூப்பிலும் அதேதான். அசிங்கமாக எழுதினவனை நீக்குவாய், மறுநாள் நீயே கூப்பிட்டுச் சேர்ப்பாய். "வளைவுல இறக்கியாச்சு" என்று ஒரு வரி போடுவாய். திட்டு வாங்கினவனே சிரிப்பான்.

ஒருநாள் நான் உன் பக்கத்து சீட்டில் வந்தேன். பின்னால் ஒருத்தன் உன்னையே திட்டிக்கொண்டு வந்தான். உன் அம்மா வரைக்கும் போய்விட்டான். "இறக்கி வுடேன்டா அவன!" என்று நான் குதித்தேன். நீ ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"டிரைவரத் திட்டனவன டிரைவர் இறக்கக் கூடாதுண்ணா. ஸ்டியரிங் புடிக்கற ஆளு கோவத்துல முடிவெடுத்தா வண்டி எங்க போவும்? மத்தவங்க சொல்லணும்."

பின்சீட்டில் கோழியை மடியில் வைத்திருந்த அம்மா ஒருத்தி சொல்லிவிட்டாள். "டேய், வாய மூடிக்கினு வா, இல்ல எறங்கி நட! ஓட்டறவன் தூக்கத்தக் கெடுக்கற மாதிரி இன்னாத்துக்குக் கத்தற?" நீ தூங்கவே இல்லை என்பதை அவளுக்கு யார் சொல்வது. ஜீப் நின்றது, அவன் இறங்கினான், அடுத்த வளைவில் ஏறினான். அப்புறம் நீ என்னிடம் சொன்னாய்: "குரூப்லயும் அப்டித்தாங்கண்ணா. என்னப் பத்தி எவனாச்சும் எழுதனா நான் தொட மாட்டன், நீங்க பாத்துக்கணும். உங்களப் பத்தி எழுதனா நான் பாத்துக்கறன்." நான் நெஞ்சில் கை வைத்து, சோழச் சக்கரவர்த்தி தோரணையில் வாக்குக் கொடுத்தேன்.

அந்த வாக்கு என்ன ஆயிற்று என்பதுதான் கதை.

எதிர்க்கோஷ்டி நாயகனின் படத்தில் நடித்த ஒரு பெண்ணின் படத்தை எவனோ வெட்டி ஒட்டி, பார்க்கக் கூசுகிற மாதிரி செய்து குரூப்பில் போட்டான். பையன்கள் சிரித்தார்கள். சபை கூடினால் மாமாவுக்கு வாய் அரிக்குமே, நானும் அதற்குக் கீழே ஒரு காவியம் பாடினேன். நீ படத்தை எடுத்தாய், அவனை நீக்கினாய், கூடவே ஸ்தாபகத் தலைவரான என்னையும் நீக்கினாய். போன் செய்து கத்தினேன்.

"டேய், யாருடா நீ என்னத் தூக்கறதுக்கு? குரூப்பே என்னுதுடா!"

"ண்ணா, நீங்க எழுதனத ஜீப்புல பொம்பளைங்க உக்காந்துக்கினு இருக்கறப்ப சத்தமா படிப்பீங்களா?"

"அது சும்மா காமெடிக்குடா!"

"நாளைக்கி ஏத்திக்கறன். நடந்து வாங்க."

மறுநாள் ஏற்றிக்கொண்டாய். நான் சிரித்தபடி ஏறினேன். உள்ளே எரிந்தது. என்னை, அதுவும் என் குரூப்பில், ஒரு ஜீப்காரன் வளைவில் இறக்கினான் என்று எரிந்தது. இந்த வாக்கியத்தை எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்து நம்ம நாயகன் படம் வந்தது. குரூப்பே பால் ஊற்றிக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது நீ எழுதினாய்: "பாட்டு நல்லா இருக்குது. படம் சுமார்தான்." உண்மையில் படம் சுமாருக்கும் கீழே, கோமுகி அணைக்கும் கீழே இருந்தது. ஆனால் அதை யார் சொல்வது? பையன்கள் உன்மேல் பாய்ந்தார்கள். எனக்கு வாய்ப்பு வந்தது.

என் போனில் ஒரு போட்டோ இருந்தது. முந்தின ஐப்பசியில் உன் களத்தில் எடுத்தது. திடீர் மழையில் சாமையை மூட நீ ஒரு பேனரை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். பேனரில் எதிர்க்கோஷ்டி நாயகன் வாய்கொள்ளாமல் சிரிக்கிறான். அந்தப் பேனரை உனக்குக் கொடுத்ததே நான்தான். கடையில் அன்று அவ்வளவு பெரிதாக வேறு எதுவும் இல்லை. சாமையையும் மழையையும் வெட்டிவிட்டேன். நீயும் அவனும் மட்டும் மிஞ்சினீர்கள். அதன் கீழே எழுதினேன்:

"அறிவிப்பு! அறிவிப்பு! நம் கோட்டைக் காவலரே எதிரியின் கையாள்! அன்னார் வீட்டுப் பூஜையறையில் எதிரிக்கு ஆளுயரச் சிலை! ஜீப் ஹாரனை அழுத்தினால் எதிரி பட டைட்டில் பாட்டு! போன மாசம் சின்னசேலம் தியேட்டரில் எதிரி படம் பார்த்து அன்னார் விட்ட கண்ணீரில் முதல் மூணு வரிசை மிதந்தது!"

சிரிப்பு பறந்தது. நம் பையன்கள் அத்தனை பேருக்கும் தெரியும், மாமா கப்சா என்று. கள்ளக்குறிச்சியில் கட்டின கன்றுக்குட்டிக்கும் தெரியும். என் வாழ்நாளில் நான் சொன்ன எதையும் எவனும் நம்பியதில்லை. அந்தத் தைரியத்தில்தான் பொய் சொல்லியே வளர்ந்தேன். ஆனால் வெளியூர் குரூப்புக்கு அது போனபோது சிலையும் ஹாரனும் போகவில்லை. போட்டோவும் கண்ணீரும் மட்டும் போயின. மேலே எவனோ "துரோகி" என்று சேர்த்திருந்தான். பக்கத்தில் உன் நம்பர்.

மத்தியானம் நீ கூப்பிட்டாய். சவாரிக்கு வருகிற போன் அது, மூச்சுவிடாமல் அடித்துக்கொண்டிருந்தது என்றாய். காட்டான் என்றார்களாம். மலையிலிருந்து இறங்கி வந்தவனுக்கு அட்மின் பதவியா என்றார்களாம்.

"ண்ணா, அத எடுத்துடுங்க."

"நீயும் அட்மின்தானேடா, எடேன்."

"நான் எடுக்கக் கூடாதுண்ணா. என்னப் பத்தினது."

"அடப் போடா, ஜனங்க சிரிச்சிக்கினு இருக்குது. சாயங்காலம் எடுக்கறன்."

"சாயங்காலம் வேணாண்ணா. இப்பவே."

"சரிடா சரிடா."

எடுக்கவில்லை. வேலை இருந்தது என்று பிற்பாடு சொல்லிக்கொண்டேன். வேலை ஒன்றும் இல்லை. புதிதாக எவன் சிரிக்கிறான் என்று ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விரல் அழுத்தினால் போதும். அந்த விரலை நான் அழுத்தாத நேரத்தில்தான், கள்ளக்குறிச்சி ஹாஸ்டலில் தங்கிப் படித்த உன் மகளின் படத்தை எவனோ கண்டுபிடித்தான். நீ அவளோடு ஜீப் முன்னால் நிற்கிற படம், உன் வாட்ஸப் முகப்பில் இருந்தது. பெண்ணை வெட்டித் தனியாக எடுத்து, அந்த நடிகைக்குச் செய்ததையே இவளுக்கும் செய்தார்கள். நான் காவியம் பாடின அதே கைவேலை. அது ஹாஸ்டல் பிள்ளைகளின் போனுக்கும் வந்தது.

சாயங்காலம் நான் சொன்னபடி எடுத்தேன். தீ பிடித்த கரும்புத் தோட்டத்தில் கடைசிச் சோகைத் தழையும் எரிந்த பிறகு சொம்பில் தண்ணீர் கொண்டுபோனவனைப் போல.

குரூப்பில் பையன்கள் கொஞ்சம் பயந்திருந்தார்கள். உன்மேல் பிரியம் உள்ளவர்களே கேட்டார்கள்: "ண்ணா, அந்தப் படம் பாத்து அழுதீங்களா? இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நாங்க எல்லா குரூப்லயும் போட்டு முடிச்சி வுட்டுடறோம்." நீ அதைப் பார்த்தாய். நீ பார்த்தது நீல டிக்கில் எனக்குத் தெரிந்தது. நீ 'இல்லை' என்று எழுதவில்லை. மறுநாள் திரையின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரே வரி, நீ குரூப்பை விட்டு வெளியேறினாய் என்று. அன்றைக்குத்தான் மகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனாய். பெட்டி, படுக்கை, பக்கெட் எல்லாவற்றோடும்.

எவனையும் அடுத்த வளைவில் ஏற்றிக்கொள்கிற ஆள் நீ. நீயே இறங்கி நடந்தபோது எந்த வளைவிலும் நாங்கள் யாரும் வண்டியை நிறுத்திக் காத்திருக்கவில்லை.

அப்புறம் ஒருமுறைதான் பார்த்தேன், கச்சிராயபாளையம் ஜீப் ஸ்டாண்டில். நீயாக வந்து டீ வாங்கிக் கொடுத்தாய். "கடை ஓடுதுங்களாண்ணா?" என்று கேட்டாய். மன்னிச்சிடுடா என்பது தொண்டை வரைக்கும் வந்தது. வாயைத் திறந்தால் வெளியே வந்தது ஒரு ஜோக். என்ன ஜோக் என்பது நினைவில்லை. நீ மரியாதைக்குச் சிரித்தது மட்டும் நினைவிருக்கிறது.

அடுத்த வருஷம் மலைப்பாதையிலேயே நெஞ்சு வலி. வண்டியை ஓரம் கட்டி, கைபிரேக் இழுத்து, "எல்லாரும் இறங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் சாய்ந்தாயாம். டாக்டர், இருதயம் என்றார். துக்கத்துக்கு வந்தவர்களிடம் நானும் முந்திக்கொண்டு இருதயம், இருதயம் என்றேன். வேறு யாரும் வேறு எதுவும் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு எதற்கு அவ்வளவு அவசரமாகப் பதில் சொன்னேன்?

உன் வீட்டு வாசலில் உன் மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். ஒரு வருஷம் படிப்பை விட்டுவிட்டு அப்போதுதான் திரும்பச் சேர்ந்திருந்தாள். ஹாஸ்டல் வேண்டாம் என்று தினம் பஸ்ஸில் மலையை இறங்கி ஏறுகிறாள்.

"பெரியப்பா, அப்பா உங்கள ஒரு வார்த்த தப்பா சொல்லலீங்க. எனக்கு அதான் கோவம்."

நான் செருப்பை மாட்டப் போனேன்.

"ஒண்ணு கேக்கறன். சொல்லுங்க. அப்பா நெஜமாவே அந்தப் படம் பாத்து அழுதாரா? ஏன் இல்லன்னு சொல்லலன்னு நான் கேட்டன். ஒண்ணும் பேசல, வண்டியத் தொடைக்கப் போய்ட்டாரு. அழலன்னா அழலன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமில்ல? என் படிப்பு போயிருக்காதில்ல?"

"அது நான் வுட்ட கதம்மா. சுத்தக் கப்சா" என்றேன்.

"அப்ப அவரு சும்மாவே வாய மூடிக்கினு இருந்தாரா?" என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். செத்தவன் மேல் அவளுக்கிருந்த கோபத்தை நான் இன்னொரு பொய் சொல்லிப் பெரிதாக்கிவிட்டேன். அவள் இன்றைக்கும் அந்தக் கோபத்தோடுதான் பஸ் ஏறுகிறாள்.

குரூப் இருக்கிறது. இப்போது என்னோடு அட்மின், ரிஷிவந்தியத்தில் தையல் கடை வைத்திருக்கிற ஒரு தங்கச்சி. உன் சட்டத்தைச் சொல்லித்தான் பொறுப்பைக் கொடுத்தேன். வந்த வாரமே என்னை இரண்டு தடவை வளைவில் இறக்கினாள். எவனைப் பற்றியாவது எவனாவது போட்டால் அது சிரிப்பா, வினையா என்று நான் யோசிப்பதில்லை. முதலில் எடுக்கிறேன், அப்புறம் யோசிக்கிறேன். சோறு பாதியில் இருந்தாலும் இடது கையால் எடுக்கிறேன். "மாமாவுக்குக் காமெடி செத்துப்போச்சு" என்கிறான்கள். சாகட்டும். என்னை எவனாவது திட்டினால் நான் தொடுவதில்லை. அவள் எடுக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிகிறது. உனக்கு மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரைக்கும் கொடுத்தேன்.

இதை எழுதி முடித்ததும் உன் மகளுக்கு அனுப்பப் போகிறேன். அப்புறம் குரூப்பிலும் போடுவேன். பையன்கள் மாமா மறுபடி ஆரம்பிச்சிட்டார் என்பார்கள். துடுப்பு கேட்ட பஸ், சீனா, ஆளுயரச் சிலை, மிதந்த வரிசை எல்லாம் பொய்தான், தள்ளிவிடட்டும். அவள் மட்டும் ஒன்றைத் தள்ளாமல் இருக்க வேண்டும்.

அம்மா, கேள். உளவு பார்க்கலாம், மொக்கைப் படம் என்று குரூப்பில் வந்து கிழிக்கலாம் என்று உன் அப்பாவைச் சின்னசேலத்துக்கு இழுத்துக்கொண்டு போனதே நான்தான். தெரிந்தவன் பார்த்துவிடக் கூடாதென்று இரண்டு பேரும் அவன் துண்டையே தலையில் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். படத்தில் ஒரு அப்பன் மகளை ஹாஸ்டலில் விட்டுவிட்டு, கேட்டைத் தாண்டினதும் திரும்பிப் பார்க்காமல் நடப்பான். உன்னை ஹாஸ்டலில் விட்டு அப்போது ஒரு வாரம்கூட ஆகவில்லை. உன் அப்பா அழுதான். "நானும் திரும்பிப் பாக்கலண்ணா. பாத்திருந்தா கூட்டிக்கினு வந்திருப்பன்" என்றான். அழவில்லை என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அது உன்னை நினைத்து அழுதது. அதைப் போய் இல்லை என்று எழுத அவனுக்குக் கை வரவில்லை.

நான் விட்ட அத்தனை கதையிலும் அந்த ஒரு துளி மட்டும் நிஜம். அதிலும் பாதியைத்தான் எழுதினேன். அவன் துண்டில் முகம் துடைத்தது நாங்கள் இரண்டு பேர்.